கம்பெனி ஏலம்: கும்பகோணத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதம் வருமான வரிக் கணக்குக் கொடுக்க வருகிறவர்கள் படிவம் தயாராகும்வரை சும்மா உட்கார மாட்டார்கள். "அந்த மில்லை யாரோ எடுத்துட்டாங்களாமே, எப்படி எடுத்தாங்க?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே கேள்விகள் வருடாவருடம் வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன.

கம்பெனியை ஏலம் விடுறதுன்னா, மைக் வெச்சு ஒரு தரம், ரெண்டு தரம்னு கூவுவாங்களா சார்?

பெரும்பாலும் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கோடைப் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலத்தைப் பார்த்திருந்தால் பாதி புரிந்த மாதிரிதான். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் பஞ்சை இழுத்துப் பார்ப்பார்கள், விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். திறக்கும்வரை யார் எவ்வளவு எழுதினார் என்று தெரியாது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். கம்பெனி விற்பனையும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சரக்கைப் பார்க்க விடுவார்கள், மூடிய உறையில் விலை வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் மறுப்பார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. பருத்தி ஏலம் ஒரே நாளில் முடியும். இதற்கு மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள்.

யார் ஏலம் விடறது? கோர்ட்டா, பேங்க்கா, முதலாளியா?

மூன்று பேருமே உண்டு. முதலாளி தானாக விற்றால், கம்பெனி வாங்க விற்க உதவும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஒருவரை வைத்து அவரே நடத்துவார். அரசு தன் நிறுவனத்தை விற்றால் அதற்கான துறை நடத்தும். கடன் கட்ட முடியாமல் போன கம்பெனி என்றால் 2016-ல் வந்த திவால் சட்டம். அப்போது முதலாளி கையை விட்டு நிர்வாகம் போய்விடும். தீர்வு நிபுணர் என்று ஒருவரை நியமிப்பார்கள். கடன் கொடுத்த வங்கிகள் சேர்ந்த குழு முடிவெடுக்கும், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தரும்.

இந்தச் சட்டத்தைச் சுருக்கமாக ஐ.பி.சி. என்பார்கள். "உங்க மில்லு மேல ஐ.பி.சி. போட்டிருக்கு" என்று யாரோ சொல்லி, போலீஸ் கேஸ் என்று பயந்து ஓடி வந்தவரை எனக்குத் தெரியும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தையும் ஐ.பி.சி. என்றுதான் சொல்வார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், விஷயம் வேறு.

விலையை எழுதிப் போட்டா முடிஞ்சுதா? நடுவுல என்ன பண்றாங்க இத்தனை மாசம்?

முதலில் கம்பெனியின் பெயர் போடாமல் ஒரு பக்கக் குறிப்பு போகும்: தென்னிந்தியாவில் சிமெண்ட் ஆலை, இவ்வளவு விற்பனை, வாங்க விருப்பமா? விருப்பம் என்பவர்கள் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயரும் கணக்கும் வரும். அதைப் பார்த்து ஒரு உத்தேச விலை சொல்வார்கள். இது யாரையும் கட்டுப்படுத்தாது. பத்துப் பேர் சொன்னால் மூன்று நான்கு பேரை வடிகட்டி உள்ளே விடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. டேட்டா ரூம் என்று கணினியில் ஒரு பூட்டிய அறை. பத்திரம், வரி வழக்கு, வங்கிக் கடன், தொழிலாளர் ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி எல்லாம் அங்கே இருக்கும். வாங்குபவரின் வக்கீலும் ஆடிட்டரும் வாரக்கணக்கில் தோண்டுவார்கள். நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுதான் இது, அளவு பெரிது. எல்லாம் பார்த்த பின் கொடுக்கும் விலைதான் கட்டுப்படுத்தும் விலை. அதோடு ஒப்பந்த நகலில் எந்தெந்த வரியை மாற்ற வேண்டும் என்று திருத்தமும் போட்டு அனுப்ப வேண்டும்.

திவால் வழக்கில் இதே படிகள்தான், விதிகள் மட்டும் இறுக்கம். இரண்டு மதிப்பீட்டாளர்கள் கம்பெனிக்கு மதிப்புப் போடுவார்கள், ஏலத்துக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். 180 நாளில் முடிக்க வேண்டும், 90 நாள் நீட்டிக்கலாம், வழக்கு வம்பு எல்லாம் சேர்த்து 330 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.

ஏர் இந்தியாவை டாடா 18,000 கோடிக்கு வாங்கினாங்க. அரசாங்கத்துக்கு வந்தது 2,700 கோடிதானாமே. மீதி எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. ஒரு மா நிலத்தைப் பத்து லட்சத்துக்குப் பேசுகிறீர்கள், அதன் மேல் கூட்டுறவு வங்கியில் ஆறு லட்சம் அடமானம் இருக்கிறது. வாங்குபவர் அடமானத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டால் உங்கள் கைக்கு நான்கு லட்சம்தான் வரும், ஆனாலும் நிலத்தின் விலை பத்துதான். கம்பெனிக்கும் அப்படியே. 18,000 கோடி என்பது மொத்த மதிப்பு, அதில் 15,300 கோடி டாடா ஏற்றுக்கொண்ட கடன்.

இந்தப் பிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2018-ல் அரசு 76 சதவீதப் பங்கை மட்டும் விற்க முயன்றது, இவ்வளவு கடனை ஏற்றே ஆக வேண்டும் என்றும் சொன்னது. ஒருவர்கூட வரவில்லை. அடுத்த முறை முழுப் பங்கையும் வைத்து, மொத்த மதிப்பை நீங்களே சொல்லுங்கள், அதில் குறைந்தது 15 சதவீதம் ரொக்கமாக வர வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். 18,000-ல் 15 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், சரியாக 2,700 வரும். ஏர் இந்தியாவின் மொத்தக் கடன் 61,000 கோடிக்கு மேல் இருந்தது. டாடா ஏற்காத மீதி அரசின் தனி நிறுவனத்துக்குப் போனது.

2021 அக்டோபரில் முடிவு அறிவித்தபோது எதிரில் இருந்தவர் 15,100 கோடி எழுதியிருந்தார். அரசு வைத்த குறைந்தபட்ச விலை 12,906 கோடி. அதே விமானம், அதே கடன்காரக் கம்பெனி. விதி மாறியதும் ஆள் வந்தார்கள். ஏலத்தில் பாதி வெற்றி விதி எழுதுகிறவர் கையில் என்பது என் கட்சி.

யார் அதிகம் எழுதறாங்களோ அவங்களுக்குத்தானே கொடுக்கணும்?

எங்கள் சித்தப்பா ஒரு வருடம் நெல்லை மூட்டைக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகச் சொன்ன ஆளை விட்டுவிட்டு, ரொக்கம் வைத்தவரிடம் போட்டார். சித்தி இரண்டு நாள் பேசவில்லை. கூடுதல் சொன்ன ஆள் தீபாவளிக்குத் தருகிறேன் என்றிருந்தார்.

கம்பெனி விற்பனையில் எண்ணுக்குப் பக்கத்தில் நிறையக் கேட்பார்கள். பணம் கையில் இருக்கிறதா, இனிமேல்தான் கடன் வாங்கப் போகிறாரா? முழுவதும் இப்போதே தருவாரா, வருங்கால லாபத்தைப் பார்த்துப் பாதி என்கிறாரா? போட்டி ஆணையம் அனுமதி கொடுக்குமா? ஏற்கெனவே அதே சந்தையில் பாதியை வைத்திருக்கும் ஆள் அதிக விலை சொன்னாலும், அனுமதி சிக்கினால் ஒரு வருடம் வீண். திவால் வழக்கில் இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு அட்டவணையே வைத்திருப்பார்கள். கடன் மதிப்பில் 66 சதவீதம் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டால்தான் திட்டம் நிறைவேறும்.

மூடின கவர் எதுக்கு? எல்லார் முன்னாடியும் கேட்டா விலை ஏறுமே?

சில சமயம் ஏறும். 2006-07-ல் டாடா ஸ்டீலும் பிரேசிலின் சி.எஸ்.என்.னும் பிரிட்டனின் கோரஸ் உருக்கு நிறுவனத்துக்கு மோதின. பங்குக்கு 455 பென்ஸ் என்று டாடா தொடங்கியது, மாறி மாறி ஏறியது. முடியாத நிலையில், கம்பெனிகள் கைமாறுவதைக் கண்காணிக்கும் பிரிட்டனின் கையகப்படுத்தல் குழுவே 2007 ஜனவரி 30 இரவு ஏலம் வைத்தது. சுற்றுச் சுற்றாகப் போய் மறுநாள் விடியுமுன் டாடா 608 பென்ஸில் வென்றது. எதிராளியின் கடைசி விலை 603.

இதற்கு நேர்மாறான கதை பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி. அமெரிக்காவின் காம்காஸ்டும் ஃபாக்ஸும் அதற்குப் போட்டியிட்டன. 2018 செப்டம்பர் 22, அதே குழு, அதிகபட்சம் மூன்று சுற்று. முதல் சுற்றில் குறைந்த விலைக்காரர் மட்டும், இரண்டாவதில் மற்றவர் மட்டும், மூன்றாவதில் இருவரும் ஒரே நேரத்தில் மூடிய விலை. காம்காஸ்ட் 17.28 பவுண்ட் எழுதியது, ஃபாக்ஸ் 15.67. திறந்த ஏலமாக இருந்தால் 15.67-க்குக் கொஞ்சம் மேலேயே முடிந்திருக்கலாம். எதிராளி எவ்வளவு எழுதுவான் என்ற பயத்துக்கு காம்காஸ்ட் பங்குக்கு ஒன்றரை பவுண்டுக்கு மேல் விலை கொடுத்தது. மூடிய கவர் விற்பவருக்கு வேலை செய்வது இந்தப் பயத்தால்தான்.

ஆகவே ஆள் நிறைய இருந்து எல்லோரும் ஏறக்குறைய சமபலம் என்றால் திறந்த ஏலம் நல்லது. ஒருவர் மட்டும் பலசாலி, மற்றவர் சோப்ளாங்கி என்றால் மூடிய கவர் நல்லது.

ஜெயிச்சவங்க அப்புறம் தலையில கை வெச்சுக்கறாங்களே, ஏன்?

கோயில் குளத்து மீன் குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் நான்கு லட்சத்துக்கு மீன் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஐந்து பேர் கரையில் நின்று கணக்குப் போடுகிறார்கள்: 3, 3.5, 4, 4.5, 5 லட்சம். சராசரி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குத்தகை யாருக்குப் போகும்? ஐந்து என்று தப்பாக நினைத்தவருக்கு. ஏலத்தில் வெல்வதே, கூட்டத்தில் நீங்கள்தான் அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர் என்பதற்கு ஒரு அறிகுறி. இதைப் பொருளாதாரத்தில் வெற்றியாளர் சாபம் என்பார்கள். 1971-ல் முதலில் எழுதியவர்கள் பேராசிரியர்கள் இல்லை, மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல் ஏலம் எடுத்த கம்பெனியின் மூன்று பொறியாளர்கள். பூமிக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் என்று தெரியாமல் விலை சொல்வது என்றால் நரிமணம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டாடா கோரஸை வாங்கிய மறு வருடம் உலகச் சந்தை சரிந்தது. 2024 செப்டம்பரில், கோரஸோடு வந்த வேல்ஸின் போர்ட் டால்பட் ஆலையில் கடைசி ஊது உலையும் அணைந்தது. காம்காஸ்ட் 2022-ல் ஸ்கை கணக்கில் 860 கோடி டாலர் மதிப்பைக் குறைத்து எழுதியது. அனுபவமுள்ளவர்கள் போட்டியாளர் எண்ணிக்கை கூடக்கூடத் தங்கள் விலையைக் குறைத்து எழுதுவார்கள். ஏலத்தில் நிற்கும்போது அதற்கு மனசு வராது, அதுதான் சிக்கல்.

ஏலம் முடிஞ்ச பிறகு ஒருத்தர் வந்து "நான் கூடத் தர்றேன்"னா வாங்கலாமா?

தனியார் விற்பனையில் ஒப்பந்தம் கையெழுத்தானால் முடிந்தது. திவால் வழக்கில்தான் ரகளை.

பினானி சிமெண்டுக்கு நம் டால்மியாபுரத்து டால்மியா தரப்பும் அல்ட்ராடெக்கும் போட்டியிட்டன. வங்கிக் குழு முதலில் டால்மியாவைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு அல்ட்ராடெக் சுமார் 7,900 கோடிக்கு ஏற்றியது. டால்மியா திட்டம் கடன் கொடுத்தவர்களில் சிலருக்கு மட்டும் மிகக் குறைவாகக் கொடுத்துப் பாரபட்சம் காட்டியது என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 நவம்பரில் ஆலை அல்ட்ராடெக்குக்குப் போனது. இன்னொன்று ரிலையன்ஸ் கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனம். 2022 டிசம்பர் ஏலத்தில் டோரண்ட் 8,640 கோடியில் முதலில் வந்தது. மறுநாளே இந்துஜா தரப்பு 9,000 தருகிறேன் என்றது. டோரண்ட் வழக்குப் போட்டது, மறு ஏலத்துக்கு அனுமதி கிடைத்தது, 2023 ஏப்ரலில் நடந்த அந்த ஏலத்துக்கு டோரண்ட் வரவே இல்லை. இந்துஜா 9,650 கோடிக்கு எடுத்தது.

கடன் கொடுத்தவர்களுக்கு ஆயிரம் கோடி கூடுதல், நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. முடிந்த ஏலம் முடியவில்லை என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் முதல் கவரில் முழு விலை எழுத மாட்டார்கள். 2021-ல் விதியை இறுக்கியது இதற்காகத்தான்: ஒரு முறைக்கு மேல் திருத்த விடக்கூடாது, இல்லாவிட்டால் ஒருவர் விலையை ஒருவர் மிஞ்சும்படி அறைகூவல் ஏலம் நடத்த வேண்டும். ரிலையன்ஸ் கேப்பிட்டல் சண்டை அந்த அறைகூவல் ஏலத்துக்குப் பிறகே வந்தது என்பது வேறு வேடிக்கை.

கடனை வெச்சுட்டுப் போன பழைய முதலாளியே மச்சான் பேர்ல குறைஞ்ச விலைக்கு எடுத்துடலாமே?

சட்டம் வந்த புதிதில் அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. 2017-ல் 29ஏ பிரிவைச் சேர்த்து அடைத்தார்கள். வாராக்கடன் வைத்தவரும் அவரோடு சேர்ந்து செயல்படுகிறவரும் உறவு வழியில் தொடர்புள்ளவரும் ஏலம் கேட்க முடியாது. சிறு, குறு நிறுவனங்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. இந்தப் பிரிவு ஜாம்பவான்களையும் விடவில்லை. எஸ்ஸார் ஸ்டீலுக்கு வந்த ஆர்செலர் மிட்டல், தனக்குத் தொடர்பிருந்த வேறு இரண்டு கம்பெனிகளின் பழைய கடன் 7,000 கோடிக்கு மேல் கட்டிய பிறகுதான் ஏலத்தில் நிற்க முடிந்தது.

எல்லாரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டா?

பருத்திக் கூடத்தில் சிண்டிகேட் என்று சொல்வதுதான் இது. போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3 இதைத் தடை செய்கிறது. இரண்டு பேர் வெளிப்படையாகக் கூட்டுச் சேர்ந்து ஒரே விலை கொடுப்பது வேறு, அதற்குத் தடையில்லை.

இந்தியா சிமெண்ட்ஸ் ஏலமே போடாம அல்ட்ராடெக்குக்குப் போச்சே, அது எப்படிச் சரி?

அரியலூர் பக்கம் தளவாய் ஆலை இருப்பதால் இதைக் கேட்காதவர் இல்லை. அந்த நிறுவனம் திவாலாகவில்லை. தன் பங்கைப் பிடித்தவருக்கு விற்க முதலாளிக்கு உரிமை உண்டு. அல்ட்ராடெக் 2024 ஜூனில் வெளியாள் ஒருவரிடமிருந்து சுமார் 23 சதவீதத்தைப் பங்கு 268 ரூபாய்க்கு வாங்கியது. ஜூலையில் நிறுவனர் தரப்பின் 32.72 சதவீதத்தை 390 ரூபாய்க்குப் பேசியது.

சில்லறைப் பங்குதாரரைக் காப்பது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. பட்டியலிட்ட நிறுவனத்தில் 25 சதவீதத்தைத் தொட்டால், இன்னும் 26 சதவீதத்தைப் பொதுமக்களிடம் வாங்கத் தயார் என்று அறிவிக்க வேண்டும். அதனால் ஊரில் நூறு பங்கு வைத்திருந்தவருக்கும் அதே 390-க்கு விற்க வாய்ப்புக் கிடைத்தது. ஏலத்துக்கும் கதவு திறந்தே இருக்கும். விரிவான அறிவிப்பு வந்த 15 வேலை நாட்களுக்குள் வேறு யாராவது கூடுதல் விலைக்குப் போட்டி அறிவிப்பு கொடுக்கலாம். இங்கே யாரும் வரவில்லை.

எங்கிட்ட லட்சுமி விலாஸ் பேங்க் ஷேர் இருந்துது. நமக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே வரலை?

இதைக் கேட்பவர்கள் குரல் தாழ்ந்துவிடும். 1926-ல் கரூரில் தொடங்கிய வங்கி, அப்பா வாங்கி வைத்த பங்கு என்று எடுத்து வருவார்கள். அங்கே ஏலமே நடக்கவில்லை. வங்கி மூழ்கினால் ரிசர்வ் வங்கியே முடிவெடுக்கும், டெபாசிட்காரர்தான் முதல் கவலை. 2020 நவம்பர் 27-ல் டி.பி.எஸ். வங்கியோடு சேர்த்தார்கள். டெபாசிட் முழுதாகப் பிழைத்தது, பங்கு பூஜ்யமானது.

திவால் ஏலத்திலும் பங்குதாரர் வரிசையின் கடைசி ஆள்தான். ஏர் இந்தியா கேள்வியில் சொன்ன நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விலை பத்து, அடமானம் பதினைந்து என்றால் நிலக்காரருக்கு என்ன மிஞ்சும்? டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தைப் பெரிய பெரிய ஆட்கள் போட்டி போட்டுக் கேட்டார்கள், அதன் பங்குதாரருக்கும் ஒரு பைசா வரவில்லை.

ஆலைக்குக் கரும்பு போட்டேன், பாக்கி நிக்குது. ஆலை ஏலத்துக்கு வந்திருக்காம். வாங்கறவர் கொடுத்துடுவார்தானே?

தானாகக் கொடுக்க மாட்டார். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் வர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆனால் திவால் வழக்கு ஏற்கப்பட்ட நிமிடமே தனித்தனி வசூல் நடவடிக்கை எல்லாம் நின்றுவிடும். அதன் பிறகு நீங்கள் "செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்", சரக்குக் கொடுத்துப் பணம் வர வேண்டியவர். வங்கிக் குழுவில் உங்களுக்கு ஓட்டுக் கிடையாது. உங்களைப் போன்றவர்களின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதத்தை எட்டினால் ஒரு பிரதிநிதி உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். ஆலையைக் கலைத்து விற்றால் உங்களுக்கு வரிசைப்படி எவ்வளவு வந்திருக்குமோ அதற்குக் குறையாமல் திட்டம் தர வேண்டும். வங்கிக் கடன் மலையாக நிற்கும் இடத்தில் அது பூஜ்யமாகவும் இருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்று. தீர்வு நிபுணர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார். உடனே பி படிவத்தில் உரிமைகோரல் கொடுங்கள். வெட்டு ஆணை, எடைச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இணையுங்கள். ஆலைத் தொழிலாளி என்றால் டி படிவம். கடைசி 24 மாதச் சம்பளப் பாக்கி, கலைப்பு வரிசையில் அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குச் சமமாக நிற்கும். பி.எஃப். பணம் அந்த வரிசைக்கே வராது, அது தொழிலாளியுடையது.

கொடுக்காம விட்டுட்டேன். புதுசா எடுத்தவர் வாசல்ல போய் உட்கார்ந்தா?

திருமண்டங்குடி ஆலை கைமாறிய பிறகு கரும்பு விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தோம். போராட்டம் அரசை அசைக்கலாம், பேச்சுவார்த்தைக்கு வழி விடலாம். சட்டம் மட்டும் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த திட்டத்தில் இல்லாத பழைய பாக்கி அன்றோடு அணைந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லாவிட்டால் யாரும் நல்ல விலை எழுத மாட்டார்கள் என்பது அதன் நியாயம். டேட்டா ரூமில் காட்டாத கடன் பின்னால் முளைக்குமென்றால் நீங்களும் எழுத மாட்டீர்கள்.

கரும்புக்காக உங்கள் பெயரிலேயே வங்கியில் கடன் நின்றால் அது தனிக் கதை. அது ஆலையின் கடன் பட்டியலில் இல்லை, ஏலம் அதைத் துடைக்காது. வங்கி உங்களைத்தான் கேட்கும். உங்கள் கையெழுத்தில் என்ன கடன் இருக்கிறது என்று முதலில் சிபில் அறிக்கை எடுத்துப் பாருங்கள், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். காலை பத்தரைக்கு மேல் ஆபீஸில் இருப்பேன்.